சிவப்புப் பென்சில் போட்ட பதினான்கு இடங்கள்

யோகோஹாமா
9 அக்டோபர் 2023

அன்புள்ள ரிட்சுகோ,

பழைய மாணவியர் சங்கத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு நடக்கிறது. நீ இருக்கும் மட்சுவே வரைக்கும் அது வந்திருக்கும். ஆகவே பருவகால விசாரிப்புகளை விட்டுவிட்டு முதலில் அதைத் திருத்துகிறேன். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் நேசிப்பதைத் தொகியேயால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, அருவருப்பில் தொலைக்காட்சியில் வந்த அந்த அனிமே கார்ட்டூன் தொடரின் உயிரையே வெட்டி எறிந்துவிட்டாள், அதனால்தான் அதை யாரும் பார்க்கவில்லை என்கிறார்கள். வெட்டியது உண்மை. அருவருப்பு என்பது பொய்.

மற்றவர்கள் எதை நம்பினாலும் எனக்குக் கவலையில்லை. நீ அதை நம்பக் கூடாது. ஐம்பத்தேழு ஆண்டுகளாக உனக்குப் புத்தாண்டு அட்டையில் ஒற்றை வரி மட்டும் எழுதி வந்தவள், இன்று தாளை எடுத்தது அதற்காகத்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிராசாவா என்ற பெண் இயக்குநர் நம் சங்கத்துக்கு எழுதியிருந்தாள். நாற்பது வயதுக்காரி. 1961-இல் நம் பள்ளியைப் போன்ற ஒரு கான்வென்டில் படிக்கும் இரண்டு பெண்களின் காதல் கதை. மினே மேல்வகுப்பு, சயோ கீழ்வகுப்பு. எந்தப் புத்தகத்திலிருந்தும் சித்திரக் கதையிலிருந்தும் எடுத்ததல்ல, அவளே யோசித்தது. பெயர் 'ஏழாவது வரிசை'. அந்தக் காலத்து கான்வென்ட் பெண்கள் எப்படிப் பேசுவார்கள், எப்படி உட்காருவார்கள் என்று சொல்ல ஓர் ஆலோசகர் வேண்டும் என்றாள். சங்கம் என் பெயரைக் கொடுத்தது. மற்றவர்கள் குனிந்து வணங்குவதில் இருக்கும் பிழையைக்கூட நான் விடமாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

போனேன். எல்லோரும் என்னை 'சென்செய்' என்றார்கள். வாழ்நாளில் யாருக்கும் எதையும் நான் கற்றுக்கொடுத்ததில்லை.

பன்னிரண்டு வாரத்துக்கான வசனப் பிரதிகளையும் கொடுத்தார்கள். அதில் அந்தப் பெண்கள் 'உன்னை நேசிக்கிறேன்' என்று பதினைந்து இடங்களில் சொல்கிறார்கள். முதல் வாரத்திலேயே, படிக்கட்டில் வைத்து, சயோ சொல்கிறாள். நான் பதினான்கு இடங்களில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். பதினோராம் வாரத்தில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். அப்படி நினைப்பது தவறு என்பதற்காக அல்ல. நம் பள்ளியில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, உனக்கே தெரியும். பனிக்காலத்தில், வாசல் கேட் அருகே, மூத்தவள் இளையவளின் கையுறைப் பொத்தானைப் போட்டுவிடுவாள். அவ்வளவுதான். அதையே ஓரத்தில் எழுதினேன்: 'இப்படிச் சொல்ல மாட்டாள். பொத்தானைப் போட்டுவிடுவாள்.' அப்படியே வரைந்தார்கள். மிக அழகாக வரைந்தார்கள்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒளிபரப்பானது. யாரும் பார்க்கவில்லை. ஊர் உறங்கும் நேரத்தில் போட்டால் யார் பார்ப்பார்கள்? விளம்பரத்தில் வேறு 'மறக்க முடியாத ஒரு நட்பு' என்று அச்சிட்டிருந்தார்கள். தோல்விக்குக் காரணம் இவைதான். என் பென்சில் அல்ல.

சங்கத்தின் செப்டம்பர் விருந்தில் நம் பள்ளித் தோழி கொமாகி எல்லோர் முன்னாலும் சொன்னாள்:

"நல்ல காரியம் பண்ணே தொகியே. நம்ம ஸ்கூல் மானத்தைக் காப்பாத்திட்டே. உனக்கு அந்த மாதிரி விஷயமெல்லாம் ஆகாதுன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"எந்த மாதிரி விஷயம்?"

"அதான்... ரெண்டு பொண்ணுங்க..."

"நீயும் ஒரு அக்கா பின்னாடி ரிப்பனை எடுத்துக்கிட்டு ஓடினவதானே கொமாகி?"

"அது விளையாட்டு."

"எல்லாருக்கும் அது விளையாட்டு இல்ல."

மேஜையில் பதினோரு பேர் இருந்தோம். சூப் வந்ததும் எல்லோரும் அதன் உப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

நீ அதைப் பார்த்தாயா என்று தெரியாது. பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. நான் சொன்னதை நம்பு.

தொகியே


மட்சுவே
17 அக்டோபர் 2023

தொகியே அக்காவுக்கு,

ஏரிக் காற்று குளிர்ந்துவிட்டது. சிப்பி அள்ளும் படகுகள் காலையில் பனிமூட்டத்துக்குள் போய்விட்டுப் பனிமூட்டத்தோடே திரும்புகின்றன. நீங்கள் விட்டுவிட்ட பருவகால விசாரிப்பை நான் சேர்த்துக்கொள்கிறேன், மதர் ஜெர்மேன் நம் இரண்டு பேருக்கும் சேர்த்து மதிப்பெண் குறைக்காமல் இருக்கட்டும்.

நான் நலம். மருந்துக்கடையைத் தம்பி மகள் ஷிஹோவிடம் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகும் தினமும் கடை திறக்கும் முன்பே போய் உட்கார்ந்துவிடுகிறேன் என்று அவளுக்குக் குறை.

அந்த அனிமேயைப் பார்த்தேன். பன்னிரண்டு வாரமும். முதல் வாரம் முடிவில் உங்கள் பெயர் தனியாக வந்தது, அதைக் கண்டபின் எப்படிப் பார்க்காமல் இருப்பது? ஒவ்வொரு வாரமும் மறுநாள் காலையில், கடை திறக்கும் முன், ஷிஹோவின் கணினியில் இரண்டு பேரும் பார்ப்போம். ஆறாவது வாரமோ என்னவோ, அவள் கேட்டாள்:

"அத்தை, இவங்க ரெண்டு பேரும் வெறும் ஃப்ரெண்ட்ஸா, இல்ல அதுக்கும் மேலயா?"

"தெரியல."

"நீங்க இந்த மாதிரி ஸ்கூல்லதானே படிச்சீங்க?"

"படிச்சேன். அப்பவும் தெரியல."

அவள் சிரித்துவிட்டாள். எட்டாவது வாரத்தில், "எனக்குக் கடையைப் பெருக்கணும், நீங்க பாருங்க" என்று எழுந்து போய்விட்டாள். அதன்பின் நான் தனியாகப் பார்த்தேன். பதினோராம் வாரத்தில் சயோ அந்த வார்த்தையைச் சொன்னாள். நான் உள்ளே கூப்பிட்டேன், "ஷிஹோ, சொல்லிட்டா" என்று. அவள் விளக்குமாற்றோடு வந்து எட்டிப் பார்த்து, "இப்ப சொல்லி என்ன அத்தை, யாரு பார்க்கறா" என்றாள்.

அக்கா, விளம்பரம் பொய் சொல்லவில்லை. படம் எதைக் காட்டியதோ அதைத்தான் அதுவும் சொன்னது. அந்தக் கேட், அந்தப் பொத்தான் எல்லாம் தெரிந்த எனக்கே அது காதல் என்று பதினோரு வாரம் புரியவில்லை. சப்போரோவில் ஒரு அறையில் உட்கார்ந்து பார்க்கும் பெண்ணுக்கு எப்படிப் புரியும்? பொத்தான் போட்டுவிடுவதை யார்தான் செய்யவில்லை? நீங்கள் ஒருமுறை கொமாகிக்குக்கூடப் போட்டுவிட்டீர்கள். நான் படிக்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொமாகி சொல்வதை நம்பவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை எழுதிவிட்டேன், நம்பவில்லை. ஆனால் அந்த அனிமேயைக் கெடுத்தது நீங்கள்தான் என்று எனக்குப் படுகிறது. மரியாதைக் குறைவாக இருந்தால் மன்னியுங்கள். உங்களிடம் பொய் எழுதிப் பழக்கமில்லை.

உலர்ந்த சிப்பி ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். நீரில் ஊறவைத்த பிறகே சூப்பில் போடவும்.

ரிட்சுகோ


யோகோஹாமா
6 நவம்பர் 2023

அன்புள்ள ரிட்சுகோ,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் கோபமாக இருந்தேன். சிப்பியைக்கூடத் தொடவில்லை. நான்காம் நாள் டோக்கியோவுக்கு ரயில் ஏறினேன். அந்த ஸ்டுடியோ ஒரு சலவைக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. நிராசாவாவும் தயாரிப்பைக் கவனிக்கும் ஹசுனுமா என்பவரும் இருந்தார்கள். நான் வருவதாகச் சொல்லவில்லை. இரண்டு பேரும் எழுந்து நின்ற வேகத்தில் ஒரு நாற்காலி கவிழ்ந்தது.

"உட்காருங்க. ஒரே கேள்வி. நான் பதினாலு இடத்துல கோடு போட்டேன். ஏன் ஒருத்தர்கூட வந்து எங்கிட்ட வாதாடல?"

ஹசுனுமா நிராசாவாவைப் பார்த்தார். நிராசாவா தன் சாக்ஸைப் பார்த்தாள்.

"வாதாடறதா?" என்றார் அவர். "சென்செய், உங்க பேரு டைட்டில்ல தனி அட்டையில போகுது. அந்தப் பேரு கோடு போட்டா, அது முடிஞ்சது. அதுக்கு மேல யாரு பேசுவாங்க?"

"நான் முடிவு பண்ணினதா யாரு சொன்னது?"

"சிவப்புல இருந்துச்சு, சென்செய்."

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு விளக்கினேன். எங்கள் பள்ளியில் மதர் ஜெர்மேன் கட்டுரையில் சிவப்புக் கோடு போட்டால், அந்த வாக்கியத்தை எழுதியவள் மேஜைக்கு முன்னால் போய் நின்று அதற்காக வாதாட வேண்டும். நன்றாக வாதாடினால் வாக்கியம் நிற்கும். வாதாட வராதவளின் வாக்கியம்தான் போகும். நீ ஒருமுறை வானவில்லைப் பற்றிய ஒரு வரிக்காக இருபது நிமிடம் நின்றாய். நான் அந்த எண்ணத்தில்தான் கோடு போட்டேன். யாரும் வரவில்லை. அப்படியானால் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைத்துவிட்டேன்.

நிராசாவா மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் வந்து சண்டை போட்டிருந்தா?"

"நல்லா போட்டிருந்தா விட்டிருப்பேன். ஏழெட்டாவது."

"ரெண்டு வருஷம், சென்செய். ரெண்டு வருஷமா உங்க மேல கோபத்தை அடக்கிக்கிட்டு உங்களுக்கு டீ போட்டேன்."

"டீயிலயே தெரிஞ்சது."

பிறகு ஏன் யாரும் பார்க்கவில்லை என்று கேட்டேன். மழுப்பாமல் சொல்லுங்கள் என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இந்த மாதிரிக் கதையத் தேடிப் பார்க்கறவங்க நிறைய ஏமாந்தவங்க. போஸ்டர்ல ரெண்டு பொண்ணுங்க கையப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. கடைசி வாரத்துல ஒருத்திக்குக் கல்யாணம் ஆயிடும், இல்ல ஊரவிட்டுப் போயிடுவா. கேட்டா, அது பார்க்கறவங்க கற்பனைக்கு விட்டிருக்கோம்னு கம்பெனி சொல்லும். புத்தகத்துலேருந்து வந்த கதைன்னா, கடைசிப் புத்தகத்தைப் படிச்சவங்க யாராவது 'பயப்படாத, ரெண்டு பேரும் சேர்ந்துடறாங்க'ன்னு சொல்லுவாங்க. நம்மளோடது சொந்தக் கதை. அப்படிச் சொல்ல உலகத்துல ஒரு ஆள்கூடக் கிடையாது. அப்ப கதைதான் சொல்லணும். சீக்கிரமா சொல்லணும். மூணு வாரம் காத்திருப்பாங்க. நாம பத்து வாரம் பொத்தான் போட்டுக்கிட்டு இருந்தோம்."

"நட்புக் கதைன்னு நம்பி வந்தவங்களோ," என்றார் ஹசுனுமா, "பதினோராவது வாரம், இது என்ன திடீர்னுன்னு கேட்டாங்க. வேணும்னவங்க போயாச்சு, இருந்தவங்க கேட்டது இது இல்ல."

அருமையான கையெழுத்தில் கடிதம் எழுதி, முகவரி எழுதாமல் அனுப்பிய உறையைப் போல ஆகிவிட்டது. அது என் வேலைதான். நீ எழுதியது சரி.

இப்போது இதைக் கேள். பன்னிரண்டு வாரத்தையும் சுருக்கி ஒரே திரைப்படமாக அடுத்த ஆண்டு வெளியிட யோசிக்கிறார்கள். பதினோரு தியேட்டர்களில் மட்டும். அந்தப் பதினான்கு இடங்களையும் திரும்பச் சேர்க்க நிராசாவாவுக்கு ஆசை. குரல் கொடுத்த பெண்கள் மறுபடி வரத் தயார். என் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்றார் ஹசுனுமா, பாதி எழுந்து நின்றுகொண்டு.

நான் சொன்னேன்: "முதல்ல வாதாடுங்க. படிக்கட்டு. பார்த்த முதல் வாரத்துலயே சயோ ஏன் அதைச் சொல்லணும்? பதினாறு வயசு, கான்வென்ட் பொண்ணு. அவளுக்கு ஏது அந்தத் தைரியம்?"

நிராசாவா எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"தைரியம் இல்ல, சென்செய். பயம். சொல்லலன்னா மினே அவளாவே ஒண்ணு நினைச்சுக்குவா. சயோ மனசுல இல்லாத ஒண்ணை. சொன்னா மறுத்துடலாம்தான். ஆனா சொல்லாததை யாராலயும் மறுக்கக்கூட முடியாது."

நான் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். பதினான்குக்கும். மற்ற பதின்மூன்றுக்கு வாதாடச் சொல்லவில்லை.

இரண்டு விஷயங்கள் பாக்கி. கொமாகிக்கு நான் பொத்தான் போட்டுவிட்ட அன்று அவள் வலது கட்டைவிரலில் கட்டு இருந்தது. ஆணி குத்தியிருந்தது. அவளைக் கேட்டுப் பார்.

இன்னொன்று. 'அப்பவும் தெரியல' என்று ஷிஹோவிடம் சொன்னாய் என்று எழுதியிருக்கிறாய். அது வேடிக்கைக்குச் சொன்னதா, உண்மையா? உனக்குத் தெரியும் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

தொகியே


மட்சுவே
14 நவம்பர் 2023

தொகியே அக்காவுக்கு,

உண்மைதான்.

பொத்தானைப் போட்டுவிட்டு, "சளி பிடிக்காம பார்த்துக்கோ" என்பீர்கள். நான் சளியைப் பற்றித்தான் என்று நினைத்தேன். என் மனதில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். உங்கள் பக்கம் நல்ல வளர்ப்புதான் இருக்கிறது என்று எண்ணினேன். நீங்கள் எல்லோரிடமும் சரியாக நடந்துகொள்பவர்.

1966 பிப்ரவரியில் உங்கள் நிச்சயதார்த்தத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதினீர்கள். அதில் மூன்று பக்கம் மாப்பிள்ளை வேலை பார்த்த கப்பல் கம்பெனியைப் பற்றி. கடைசியில், தனி வரியில், 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்டிருந்தீர்கள். வாழ்த்தை எதிர்பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நான்காவது தாளில் வாழ்த்தினேன். கையெழுத்து நன்றாக வரவேண்டும் என்பதற்காகத் தூரிகையால் எழுதினேன். இப்போது, மதர் ஜெர்மேனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, அந்தக் கடைசி வரியும் வாதாட அழைக்கும் ஒரு சிவப்புக் கோடாக இருந்திருக்குமோ என்று சந்தேகம் வருகிறது. சந்தேகம்தான். உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது, ஏனெனில் நீங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நான் சொன்னது உண்மையா என்று என்னைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

அக்கா, எனக்கு எழுபத்தெட்டு வயது. நாற்பத்தொன்பது ஆண்டுகள் மருந்து கொடுத்தேன். புட்டியில் என்ன இருக்கிறது என்று மேலே எழுதியிருக்க வேண்டும், ஊகித்துக் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. சொல்வதற்கு ஏதாவது இருந்தால் எழுதுங்கள். பேச்சு அந்த அனிமேயைப் பற்றி மட்டும்தான் என்றால், நீங்கள் கையெழுத்துப் போட்டதில் எனக்கு மகிழ்ச்சி. இங்கே தியேட்டருக்கு வந்தால் போய்ப் பார்ப்பேன். வராது.

கொமாகியின் கட்டைவிரல் விஷயம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ரிட்சுகோ


யோகோஹாமா
20 நவம்பர் 2023

அன்புள்ள ரிட்சுகோ,

நான் உன்னை நேசித்தேன். 1961 வசந்தத்தில் நீ எங்கள் பள்ளிக் கட்டடத்துக்கு வந்த வாரத்திலிருந்து. தங்கையாக அல்ல. நல்ல வளர்ப்பினாலும் அல்ல. அந்தக் கேட் அருகே நான் செய்தது எல்லோருக்கும் செய்ததல்ல.

1966 கடிதத்தின் கடைசி வரி, நீ ரயிலேறி வந்து என் முன்னால் நின்று வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதியது. வாழ்த்து வந்தது. எழுத்து மிக அழகாக இருந்தது. நீ வாதாட வரவில்லை, ஆகவே அதுதான் உன் விருப்பம் என்று முடிவு கட்டினேன். நான் சொல்லாத ஒன்றுக்கு நீ எப்படி வாதாட வருவாய் என்று அன்று யோசிக்கவில்லை. கர்வம். என் வாக்கியத்துக்கு இன்னொருத்தி வந்து வாதாட வேண்டும் என்று காத்திருந்தது என் தவறு. அந்தத் தவறுக்கு நீ காரணமல்ல, கணவரும் காரணமல்ல.

அவரைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன், நீயாக எதையும் ஊகிக்க வேண்டாம். அவர் நல்லவர். நாற்பத்தெட்டு ஆண்டுகள் அவரோடு ஒழுங்காக வாழ்ந்தேன். இறந்தபோது உண்மையாகவே அழுதேன். அதில் ஒரு நாளுக்காகவும் நான் வருந்தவில்லை. அதற்காக முதல் பத்தியில் எழுதியது குறைந்துவிடாது.

அது பழைய கதை என்று நீ சொல்லலாம். இப்போதைய நிலையையும் எழுதுகிறேன். இப்போதும் நேசிக்கிறேன். இந்த அக்டோபரில் உன் உறையில் என் பெயரைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் ஓடி வந்து, "மயக்கமா?" என்று கேட்டாள். "இல்ல, தபால்" என்றேன்.

நான் மார்ச்சில் மட்சுவேக்குக் குடிவர விரும்புகிறேன். இந்த வீட்டைக் கணவரின் அண்ணன் மகன் எடுத்துக்கொள்கிறான், அவனிடம் பேசிவிட்டேன். அவன் பயந்துபோய்க் கேட்டான்:

"சித்தி, அங்க உங்களுக்கு யாரு இருக்கா?"

"ஸ்கூல்ல ஒரு பொண்ணை எனக்குப் பிடிச்சிருந்தது. அவ இருக்கா."

"ஓ," என்றான். பிறகு, "அங்க பனி அதிகம், சித்தி" என்றான். அவ்வளவுதான் நடந்தது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அறுபது ஆண்டுகள் பயந்திருக்கிறேன், கேட்டவன் பனியைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறான்.

உன் வீட்டில் இடம் கேட்கவில்லை. ஏரிக்கரையில், உன் கடையிலிருந்து நடக்கும் தூரத்தில், இரண்டு அறை வீடு ஒன்றை இங்குள்ள தரகர் படத்தில் காட்டியிருக்கிறார். வயதைக் கேட்டுத் தயங்கினார், தரையில் உட்கார்ந்து எழுந்து காட்டினேன். நீ என்னைத் தினமும் பார்க்கலாம், அல்லது வாரம் ஒருமுறை பார்க்கலாம், அல்லது நான் வரவே வேண்டாம் என்று சொல்லலாம். வேண்டாம் என்றால் வரமாட்டேன், இன்னொரு முறை கேட்கவும் மாட்டேன். உன்னால் மறுக்க முடியவேண்டும் என்பதற்காகவே எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். மரியாதைக்காகச் சரி என்று சொல்லாதே. இரக்கத்துக்காகவும் சொல்லாதே. உன் மனதில் அன்று என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும் என்று எழுதியிருந்தாய், அது என்ன என்று எழுதவில்லை. அது இப்போது இருக்கிறதா இல்லையா, எனக்கு அதுதான் வேண்டும்.

நிராசாவா நேற்று தொலைபேசியில் பேசினாள். படிக்கட்டுக் காட்சிக்கு மறுபடி குரல் பதிவு செய்துவிட்டார்களாம். சயோவாகப் பேசும் பெண்ணுக்கு முதல் முறை நாக்கு குழறிவிட்டதாம். "அதையே வெச்சுக்கலாமா, சென்செய்?" என்று கேட்டாள். "நீ என்ன நினைக்கிறேன்னு முதல்ல சொல்லு" என்றேன். "வெச்சுக்கணும்" என்றாள். வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

தரகர் டிசம்பர் பத்தாம் தேதிவரை வீட்டை வேறு யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறார். தொலைபேசியில் கூப்பிடாதே, குரலை வைத்து நான் எதையாவது கற்பனை செய்துகொள்வேன். வரலாமா, வேண்டாமா என்று உன் கையால் எழுதி, பத்தாம் தேதிக்கு முன் கிடைக்கும்படி தபாலில் போடு.

தொகியே